ரெண்டாம் தரம்

கரூரில், வெங்கமேட்டுக்கு அக்கட்ட,
ஒரு தகரக் கூரைக்கடியில்
வெனிஸ் நகரம்
நாளொன்றுக்கு நானூறு பீஸ் ஓடுகிறது.

குளியலறைத் திரை. ஆறடிக்கு ஆறடி.
மேல் விளிம்பில் பன்னிரண்டு வளையம்.
முந்நூறு வருடத்துக்கு முன் எவரோ
எண்ணெய் வண்ணத்தில் வரைந்த திருவிழாவை
பாலியெஸ்டரில் கேட்டிருக்கிறார் பையர்.

பச்சைதான் பாஸாகவில்லை.
ஆறு தடவை துண்டு அனுப்பி
ஆறும் திரும்பி வந்தது.
கலர் மாஸ்டர் குழந்தைசாமி
ஏழாவதில் என்ன கலந்தாரோ,
'இதுவேதான் கடல்' என்று மெயில்.
அவர் சிரிக்கவில்லை.
'அந்தக் காலத்துல நம்ம வாய்க்கால்ல
செவ்வாய்க்கெழம ஓடுன கலருங்க இது'
என்றுவிட்டுக் கை கழுவப் போனார்.

என் வேலை குற்றம் பார்ப்பது.
விளக்கு மேசை, நூல் எண்ணும் கண்ணாடி,
குற்றம் இருக்குமிடத்தில் ஒட்ட
சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.
எட்டு மணி நேரம் பார்த்தால்
எந்தக் கூட்டமும் பழகிப்போகும்.
சின்னப் படகுகள் நாற்பத்தொன்று.
ஒன்றில் நாய்.
ஒருத்தன் துடுப்பை விட்டுவிட்டு
நேராக என்னைப் பார்க்கிறான்.
நடுவே ரெண்டடுக்குத் தங்கக் கப்பல்,
தேர் தண்ணீரில் இறங்கின மாதிரி.

மெர்ச்சண்டைசர் ரியாசுதீன் கதை சொன்னார்:
அந்தக் குடியரசுக்குக் காடு கழனி கிடையாது,
கடல்தான் எல்லாம்.
வருடா வருடம் அதன் தலைவர்
அந்தக் கப்பலில் போய் மோதிரம் போடுவார்,
'கடலே, உன்னை மணந்தோம்' என்று.
தலைவர் செத்தால் அடுத்த தலைவர்.
பெண் மட்டும் மாறுவதில்லை.

'கடலைக் கேட்டாங்களா?'

'ஸ்பெக் ஷீட்ல இல்லீங்க்கா.'

மோதிரத்தைத் தேடினேன்.
கப்பல் விளிம்பில், துடுப்பு நுனியில்,
அலை என்று போட்டிருந்த
ஒவ்வொரு வெள்ளைக் கீற்றிலும்.
மூன்றாம் நாள் ரியாசுதீனே வந்து
'தேடாதீங்க்கா, இது போய்ட்டுத் திரும்பி வந்து
கரையில நிக்கிற படம்.
மோதிரம் எப்பவோ உள்ள போயிருச்சு' என்றார்.

என்னுடையது தண்ணீரில் விழவில்லை.
ஈரோட்டில், வக்கீல் மேசையில்
கவரில் போட்டு வைத்தேன்,
எதிர்ப்பக்கம் எண்ணிப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள்.
ரசீது இருக்கிறது.

நூற்றியெட்டாவது பீஸில் மை அடைத்துக்கொண்டது.
தங்கக் கப்பலுக்குக் குறுக்கே
தலைமயிர் கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு.
அம்பு ஒட்டினேன்.
ரெண்டாம் தரம்.
கிலோ நாற்பது ரூபாய்க்கு
நாங்களே வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டில் குளியலறைக்குக் கதவு உண்டு,
தாழ்ப்பாள் இல்லை.
பழைய சேலையை அவிழ்த்துவிட்டு
வெனிஸைத் தொங்கவிட்டேன்.
ஒரு நீல டிரம், ஒரு மக்கு.
குளிக்கும்போது தெறிக்கிற தண்ணீர்
கப்பலைத் தொட்டுவிட்டுத்தான் கீழே வடிகிறது.
மூன்று நாளில் அம்பு தானாக உதிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை
தாராபுரத்திலிருந்து ஒருத்தர் பார்க்க வந்தார்.
அவருக்கும் ரெண்டாம் தரம்தான்.
கூட வந்த சித்தப்பா
சம்பளம், பி.எஃப்., நிலம் என்று
கேட்டுக்கொண்டே இருந்தார்.
இவர் பொன்னிவளவன்,
கால் கழுவ உள்ளே போனவர்
நெடுநேரம் வரவில்லை.
போய்ப் பார்த்தேன்.
திரைக்கு முன்னால்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நின்றார்.

'ஏனுங்க, என்னங்க இத்தன கூட்டம்?'

'கல்யாணமுங்க.'

ஒவ்வொரு படகாகப் பார்த்தார்.
நாயைப் பார்த்தார்.
துடுப்பை விட்டவனைப் பார்த்தார்.
வெள்ளைக் கோட்டை விரலால் தடவினார்.

'பொண்ணு எங்கீங்க?'

என்ன சொல்வதென்று தெரியவில்லை.
எட்டு நாளுக்கு ஒருதரம் தண்ணீர் விடும் ஊர்,
அன்றைக்கு எட்டாம் நாள்.
கையெட்டிக் குழாயைத் திருகினேன்.

முதலில் காற்றுதான் வந்தது.